இளைக்கும் பெட்டி

கனகலட்சுமி இறந்த நாற்பத்தோராம் நாள், மடவார் வளாகம் பகுதியில் அவள் கணவர் வேல்பாண்டியின் வீட்டில், மின்சாரம் கொடுக்காமல் கிடந்த சப்வூஃபர் பெட்டி மூச்சுவிடத் தொடங்கியது. முன்பலகையில் காற்று போய்வரப் பதித்திருந்த குழாய் வழியாக மூச்சு இளைத்து இளைத்து வந்தது. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இளைப்பு. ஆள் யாரென்று வேல்பாண்டி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் அவர், அன்றிலிருந்து அந்தப் பெட்டியை மட்டும் வண்டியில் ஏற்றவில்லை.

ராஜபாளையத்தில் பெட்டி செய்துகொடுத்த இருதயம் என்பவருக்குச் செய்தி எட்டியது. ஆவி வந்ததில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தன் பெட்டி இளைக்கிறது என்று ஊர் பேசியதுதான் பொறுக்கவில்லை. குழாயின் வாய் சிறுத்துப்போனால் காற்று முட்டிச் சீறும். அதற்குத் தொழிலிலும் இளைப்பு என்றுதான் பெயர், அதைவிடக் கேவலம் கிடையாது. வீடு கட்டியதில் மிஞ்சிய நாலு இஞ்ச் பைப்பை வீணாக்க மனமில்லாமல், பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பொருத்தியது அவர்தான். பஸ் பிடித்து வந்தார்.

“தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. ஆறு இஞ்ச் பைப் மாத்தித் தாரேன். பொறவு ஒரு சத்தம் வராது.”

“அப்பன்னா கை வைக்காதிய,” என்றார் வேல்பாண்டி.

இரண்டு வருடம் அப்படியே போனது. மார்கழிப் பனியில் இளைப்பு கூடும்போது, அவள் மிச்சம் வைத்த இன்ஹேலர் மருந்தைக் குழாய்க்குள் அடித்துவிடுவார். செத்த நேரம் அடங்கும். மருந்து தீர்ந்தது. நோயாளியைக் கூட்டிவரச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். ஒரு காலையில் உள்ளே போன மூச்சு வெளியே வரவே இல்லை. வேல்பாண்டி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது திரும்பி வந்தபோது, அவள் படும் பாட்டைத்தான் இத்தனை நாளும் துணையென்று வைத்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு அழுகை வந்தது.

“இருதயம், அவளுக்கு முடியல. ஒடனே வாங்க,” என்று போன் செய்தார்.

இருதயம் வந்து பழைய குழாயைக் கழற்றுமுன், வேல்பாண்டி கடைசியாக ஒருமுறை காதை வைத்துக் கேட்டுக்கொண்டார். வாய் அகலமானால் நீளத்தையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் சுருதி மேலே ஏறிவிடும் என்று, ஆறு இஞ்ச் நீளம் இருந்த இடத்தில் பதினாறு இஞ்ச் வெட்டிப் பொருத்தினார் இருதயம். ஆவிக்கும் அவர் கணக்கு மாறாது.

பசை காய்ந்ததும் சத்தம் நின்றிருந்தது. வேல்பாண்டி உள்ளங்கையை நீட்டினார். காற்று வந்தது, போனது, தாராளமாக. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவள் இப்படி மூச்சுவிட்டதில்லை. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னாலேயே பாயை விரித்து, அவள் எப்போது மூச்சு முட்டி எழுந்து உட்காருவாளோ என்ற பயம் இல்லாமல், கல்யாணமான பிறகு முதல் தடவையாக அவர் நன்றாகத் தூங்கினார்.