சினை மாதக் களவா

விடாமல் அலறிய ஹாரன் சத்தத்தில், இரும்புலியூர் ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த கிளியம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கோவளத்து மீன் வேன். தினமும் ஒரே ஒரு கூடையை இறக்கிவிட்டுப் பறந்துவிடுகிற டிரைவர் குப்புராஜ், இன்று வண்டியை ஓரங்கட்டி ஐஸ் பெட்டிகளாக இறக்கினான். எல்லாம் ஜெயவேலு அண்ணன் சரக்கு என்றான், அவள் முகத்தைப் பாராமல்.

ஜெயவேலு அவள் புருஷன். மீன் அங்கே, வாங்குகிற ஜனம் இங்கே என்று எண்பத்தொன்பதில் அவள் இரும்புலியூரில் அறை எடுத்தாள். அவன் கடற்கரையிலேயே தங்கிவிட்டான். அன்றிலிருந்து ஒண்டிக்கட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுப் படுப்பாள். பெருங்களத்தூரில் புதுசு புதுசாக மாடி வீடு எழும்புகிறது, வேலைக்குப் பஞ்சமில்லை, வந்துவிடு என்று குப்புராஜிடம் சொல்லியனுப்பி வாய் வலித்ததுதான் மிச்சம். பதில் கூடையில் வரும். நனைந்த சாக்கு, அதற்கடியில் நாலைந்து களவா மீன். அவ்வளவுதான்.

கடலுக்குள் பாறைக் கூட்டத்தில் வாழ்கிற மீன் அது. கரையோரப் பாறைகளையெல்லாம் பெரிய படகுக்காரர்கள் வழித்தெடுத்துவிட்டார்கள். ஜெயவேலு குடும்பம் அறிந்த ஒரே ஓர் இடம் மட்டும் தப்பியிருந்தது. வலையை எந்த இடுக்கில் இறக்கினால் கிழியாது என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனும் கட்டுமரத்தில் போய்த் தூண்டில்தான் போடுவான். மீன் சினை பிடிக்கிற மாதத்தில் அதையும் போடமாட்டான்.

கிளியம்மாள் பெட்டியைத் திறந்தாள். முழங்கை நீளக் களவா, அதன் கீழே உள்ளங்கைக் குஞ்சுகள், எல்லாம் கலந்து கிடந்தன. கூட்டம் மொய்த்தது.

"இன்னா கிளியம்மா, கடலையே தூக்கிக்கினு வந்துட்டியா? இத்தினி நாளு எங்க ஒளிச்சி வெச்சிருந்தே?" என்றாள் வாடிக்கைக்காரி சித்திகா. பெரிதாக ஒன்றை எடுத்து வயிற்றை அமுக்கினாள். மஞ்சளாகச் சினை பிதுங்கியது. முகமெல்லாம் பல்லாக, இதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டுமென்றாள்.

கிளியம்மாள் அடுத்ததை எடுத்து அமுக்கினாள். அதிலும் சினை. அதற்கடுத்ததிலும். தூண்டிலில் சிக்கியவை அல்ல இவை. செதில்களில் வலை அறுத்த தடம் இருந்தது.

அப்போதுதான் வேனின் முன்கதவு திறந்தது. தோளில் துணி மூட்டையோடு ஜெயவேலு இறங்கினான். எத்தனையோ நாள் மனசுக்குள் பார்த்து வைத்திருந்த வருகை. அவளால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. படகுக்காரனுக்கு வழி காட்டிக் கொடுத்த பாவி யார் என்று மட்டும் கேட்டாள்.

அவன் மூட்டையை அவள் காலடியில் வைத்தான்.

"நான்தான். அந்தப் பாறை உசுரோட கீற வரைக்கும் என்னால உன்னாண்ட வர முடியலடி."