சப்பான் மீயின் நீளம்

காஜா பெராங் சாலையோரத்தில் அப்துல் ஹமீது நடத்திய பலகைக் கடையில், சயாம் ரயிலுக்கு ஆளைப் பறிகொடுத்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் மங்குக் கிண்ணத்தில் இருக்கும் நூல்நூலான மீ அத்தனையும் ஒரே இழையாகிவிடும். மற்றவர்களுக்கு அது சாதாரண மீ.

சப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பாதை போட இழுத்துக்கொண்டு போனவர்களில் ஹமீதும் ஒருவர். அங்கே சிப்பாய்களின் அடுப்படியில் கோதுமை மாவைக் காலால் மிதித்துத் தடிமனாக மீ அறுக்கக் கற்றார். உயிரோடு திரும்பியதும் அதையே நெத்திலிச் சாற்றில் போட்டு, சோயா ஊற்றி, வறுத்துப் பொடித்த மிளகும் கொத்தமல்லியும் தூவி விற்றார். சப்பான்காரன் தீனியை மனுசன் தின்பானா என்று காறித் துப்பியவர்கள்தான், வாசனை மூக்கைத் துளைத்ததும் முதலில் வந்து உட்கார்ந்தார்கள். முடிவெட்டும் நல்லையா பசிக்குத்தான் உட்கார்ந்தார். சயாமில் மாண்ட அண்ணனைப் பற்றிய நினைப்பே அவருக்கு அப்போது இல்லை. மத்தியானம் வாயில் வைத்த இழை விளக்கு வைக்கும் வரை அறவில்லை, வயிறும் நிறையவில்லை. பாக்கியலட்சுமியின் அப்பா சயாம் போய்ச் சேராமல் ஈப்போவிலேயே காய்ச்சலில் செத்தவர். அவளுக்கு இழை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஆள் புதைந்து கிடக்கும் இடத்துக்கும் கடைக்கும் உள்ள தூரம்தான் இழையின் நீளம் என்று ஊர் இப்படித் தெரிந்துகொண்டது. ஆள் உயிரோடு இருந்தால் மீ துண்டு துண்டாகவே இருக்கும். இதைப் பற்றி யாரும் வாதம் செய்யவில்லை.

அஞ்சலை மட்டும் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவள் புருஷன் தம்பிராஜா, ஹமீது போன அதே லாரியில் போனவன். பாதி வழியில் வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள். சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் மூட்டை கட்டும் காலம் வந்தது, தம்பிராஜா வரவில்லை. அவளும் குங்குமத்தை அழிக்கவில்லை. தெரியாத வரைக்கும் அவன் இருக்கிறான். பாவம், அந்தத் தெரியாமையைத் தின்றுதான் அவள் உயிர் வாழ்ந்தாள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த ஆவணியில் மகள் சிவகாமசுந்தரிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாரை வார்த்துக் கொடுக்க யார் நிற்பது என்று மாப்பிள்ளையின் அப்பா பொன்னுதுரை கேட்டார்.

"இருக்காருன்னா கூட்டிட்டு வாங்கம்மா. இல்லன்னா இல்லன்னு முடிவா சொல்லிடுங்க. ரெண்டுங்கெட்டானா எப்படி மணவறையில நிக்கிறது? பாய் கடையில ஒரு மங்கு மீ சாப்பிட்டா தெரிஞ்சிடும் லா."

மழை தூறிய ஒரு மத்தியானம் அஞ்சலை போய் உட்கார்ந்தாள். ஹமீது மங்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மீயைத் தூக்கினாள். அது அறுந்து விழுந்தது. கிளறிப் பார்த்தாள், அத்தனையும் துண்டு.

நீளமான இழைக்குத்தான் இத்தனை வருஷமும் அவள் பயந்திருந்தாள். இதை அவள் நினைத்தே பார்த்ததில்லை. இருக்கிறான். இருந்தும் வரவில்லை. ஓடிப்போனவன் மகளுக்கு எந்தச் சம்பந்தி சேலை எடுப்பான்?

"ஊத்திக்கிட்டே இருங்க பாய்," என்றாள். "வெளக்கு வைக்கிற வரைக்கும்."

ஹமீது யாரும் பார்க்காதபோது மங்கை நிரப்பினார், அவள் தின்றாள். சாலையில் போனவர்கள் குனிந்த தலையைப் பார்த்துவிட்டு, தம்பிராஜா வெகு தூரத்தில் கிடக்கிறான் என்று பேசிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் சாக்கடையோரம் உட்கார்ந்து அவ்வளவையும் வாந்தி எடுத்தாள்.

குங்குமம் அழிந்தது. கருமாதி நடந்தது. மதில்மேல் வைத்த சோற்றைச் சுற்றிக் காக்கைகள் கூடி உட்கார்ந்தன. ஒன்றும் வாய் வைக்காமல் பறந்துவிட்டன. ஊர் அதைக் கெட்ட சகுனம் என்றது. அவளுடைய அண்ணன் சுப்பையனும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள். தாலி ஏறும்போது அஞ்சலை அடுப்படியில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கெட்டிமேளத்தை மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் திவச நாளன்று, கடையில் ஆள் சேரும் முன்னே வந்து ஒரு மங்கு சாப்பிடுவாள். துண்டு. மறு வருஷமும் துண்டு. சிவகாமிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் அவள் மீயைத் தூக்கியபோது அது அறவில்லை. ஹமீது அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். அந்திவரை ஆகும் என்று நினைத்துத் தேத்தண்ணீரும் கலந்து வைத்தார்.

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் இழை தீர்ந்துவிட்டது.

எத்தனையோ இழைகளைப் பார்த்த கண் அவருடையது. "பக்கத்து ஊரு செங் வரைக்கும் இருக்கும்," என்றார் மெதுவாக.

அஞ்சலை வாயைத் துடைத்தாள். "நடந்து வர்ற தூரந்தான் பாய்."

மிச்சமிருந்த சாற்றையும் குடித்துவிட்டு எழுந்து போனாள். அன்று அவள் மதில்மேல் வைத்த சோற்றைக் காக்கைகள் ஒரு பருக்கை விடாமல் தின்றன.