பன்னிரண்டு வரை

மார்ச் 14. நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. 'மாலை 4.50: தண்ணீர் வேண்டாம் என்றார்' என்று எழுதியிருக்கிறேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

எழுதிவிட்டு நோட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மயானத்துக்கு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.

"எங்கண்ணன் நல்லா இருந்தப்பவே மெதுவாத்தான் பதில் சொல்வாரு," என்றாள் அத்தை. "பொண்ணு பாத்துட்டு வந்து மூணு மாசம் கழிச்சுத்தான் சரின்னாரு."

"நாலு மாசம்," என்றாள் அம்மா.

"இவ பாருங்க அண்ணி, சட்டைப் பொத்தான் போட எத்தனை நிமிஷம்னுகூட எழுதி வச்சிருக்கா. யாரு இப்படிப் பாத்துக்குவா?"

காலையில் வந்து சேர்ந்த அண்ணன் கையை நீட்டினான். "அந்த நோட்டைக் குடும்மா. நான்தான் கூட இல்ல. படிச்சாவது பாக்கறேன்."

"கையெழுத்து புரியாதுண்ணா."

புரியும். 'பொத்தான்: பதினொரு நிமிடம். வேண்டுமென்றே இழுக்கிறார்.' அதை எழுதியது ஸ்கேன் எடுத்த பிறகு. மூளையின் வெள்ளைப் பகுதி தேய்ந்திருப்பதாக டாக்டர் காட்டியிருந்தார். "பதில் உள்ள இருக்கும்மா. வெளிய வர நேரமாகும். காத்திருங்க." எவ்வளவு நேரம் என்று கேட்டாள். முப்பது வினாடியாவது என்றார். குறித்துக்கொண்டாள். வயரிங் வேலை பார்த்த அப்பா, லிப்டில் இறங்கும்போதுதான் வாய் திறந்தார்: "ஒயரு பழசாயிடுச்சுங்கறாரு."

நேற்று மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவள், பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுக் கிளம்பினாள். வகுப்பில் இருந்தபோதுதான் போன் வந்தது.

அம்மா அப்பாவின் காலருகே வேட்டியைச் சரிசெய்தாள். "நேத்து நீ படி இறங்கினப்புறம் 'குடும்மா'ன்னாரு. யாருகிட்டங்க கேக்கறீங்கன்னேன். வாசலையே பாத்துட்டிருந்தாரு."

"குடுத்தியாம்மா?"

"அரை டம்ளர் குடிச்சாரு."

அண்ணனின் கை இன்னும் நீண்டிருந்தது.

"நாளைக்குத் தர்றேண்ணா."

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பொத்தான் பக்கத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினாள். பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்து, பிழை பற்றிய வரிக்குக் கீழே எழுதினாள்.

பன்னிரண்டு வரைதான் எண்ணினேன்.

நாளை: நோட்டை அண்ணனிடம் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கத்தையும் கிழிக்காமல்.