குடில் காலியாக இல்லை

என் மனைவி ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தால் ராயபுரத்தில் கப்பல் சங்கு கேட்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே பாதிக் காது போன எனக்கும் அவள் குரல் மட்டும் கேட்டுவிடும். என் தலையெழுத்து.

மொட்டைமாடியில் பூசணி பூத்துப் பூத்து, காய்க்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது. தேனீ வந்தால்தானே காய்க்கும்? பரணில் கிடந்த கிறிஸ்துமஸ் குடிலை எடுத்து, சாண் நீள மூங்கில் துண்டுகளை உள்ளே நெருக்கமாக அடுக்கி, மாடிச் சுவரில் மாட்டினேன். கூட்டமாக வாழாத தேனீக்களும் உண்டு. மூங்கில் துளையில் முட்டையிட்டு, இலையால் வாசலை அடைத்துவிட்டுப் போகும்.

மழை விட்டதும் வந்தன. குடிலில் கன்னத்தை வைத்தால் ரீங்காரம் எலும்புக்குள் இறங்கும். மத்தியானங்களில் அப்படியே கண் சொக்கும். தூரத்துப் புகைமூட்டத்தில் கப்பல்கள் வானத்தில் மிதக்கும். அவைதான் பாடுகின்றன என்று தோன்றும். எனக்கு மிச்சமிருந்த ஒரே சங்கீதம் அது.

டிசம்பர் வந்தது. எங்கள் குடிலைப் பார்க்கத் தெருவே வரும்.

"இன்னாய்யா, குடில் எங்க?" என்று பரணைத் துழாவியபடி ஃப்ளோரன்ஸ் கத்தினாள்.

"மாடில கீது. பூச்சிங்க குடியிருக்குது."

"கலீஜ் பண்ணி வெச்சிக்கீறியா? நானே காலி பண்றேன்!"

ஸ்க்ரூடிரைவரோடு ஏறினாள். நானும் பின்னால் ஓடினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ, தன்னைவிடப் பெரிய பச்சை வட்டத்தைச் சுமந்துகொண்டு வந்தது. மாதாவுக்கென்று அவள் வளர்க்கும் ரோஜாச் செடியின் இலை! தொலைந்தேன் என்று நினைத்தேன். தேனீ தள்ளாடித் தள்ளாடி ஒரு மூங்கிலுக்குள் நுழைந்தது. ஃப்ளோரன்ஸ் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இன்னா பண்ணுது?"

"முட்டை வெக்க எடம் பண்ணுது."

நிறைமாத மாதாவுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று கோயிலில் வாசிக்கும்போது, ஒவ்வொரு வருடமும் "பாவிப்பய" என்று முன்வரிசைக்கே கேட்கும்படி திட்டுகிறவள் அவள்.

"நெறமாசமா வந்து நிக்கிது. என்னைய அந்த சத்திரக்காரனா ஆக்கப் பாத்தியே!" என்று என்னையே திட்டிவிட்டு இறங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்க மூச்சு வாங்க மாடி ஏறியது. குடிலுக்குக் கீழே, வைக்கோலில் பாலன் படுத்திருந்தார். ஃப்ளோரன்ஸ் ஒவ்வொருவரிடமும் வாயில் விரல் வைத்து ஏதோ சொன்னாள். அவள் குரலைத் தாழ்த்தி நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"மெதுவா. உள்ள புள்ளத்தாச்சிங்க கீறாங்க."