ஜன்னலைக் கொடுத்தவர்

என் வகுப்பில் தமிழ் பேசினால் போர்டைத் துடைக்க வேண்டும். இதுதான் சட்டம். கெஞ்சினாலும் மாற்ற மாட்டேன், கொஞ்சினாலும் மாற்ற மாட்டேன். "மிஸ், ஒரே ஒரு சந்தேகம், தமிழ்ல கேட்டுக்கிறேனே" என்று குழைவார்கள். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், டஸ்டர் அதோ இருக்கிறது என்று கையைக் காட்டுவேன். வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் கொஞ்சம் ராட்சசியாக இருந்தால்தான் நாலு வார்த்தையாவது ஏறும்.

வகுப்பு நடப்பது ஒரு டயர் கடையின் மாடியில். கீழே காற்றடிக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் மேலே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஓடி முடியும்வரை வாயைப் பிளந்தபடி காத்திருப்போம். வருகிறவர்கள் எல்லாரும் வேலை முடிந்து, பாதி தூக்கத்தோடு படியேறுகிறவர்கள். ஒரு பஸ் டிரைவர், பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண், இன்னும் சிலர். அப்புறம் சலவைக் கடைக்காரரும் அவர் மனைவியும். அவர்கள் கடைக்கு ஓட்டலிலிருந்து வரும் துணிகளில் ஆங்கிலத்தில் சீட்டு குத்தியிருக்குமாம். யாரோ ஒரு புண்ணியவானின் கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டு, பொம்மைக்கு மாட்டுகிற அளவுக்குச் சுருக்கிக் கொடுத்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சேர்ந்தார்கள்.

வாரத்துக்கு ஒரு வினைச்சொல். ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னால், அதே வினைச்சொல்லை வைத்து மற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். சும்மா இருக்க முடியாது. விடமாட்டேன்.

அந்த வாரம் 'கிவ்'. கொடு என்பது எவ்வளவு எளிய சொல்! குழந்தை முதலில் கற்றுக்கொள்வதே 'தா', 'கொடு'தானே. போர்டில் கிவ், கேவ், கிவன் என்று எழுதிவிட்டுத் திரும்பினால், சலவைக் கடைக்காரருக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. சேர்ந்து உட்காரச் சொன்னேன். அந்தம்மா தன் பையை எடுத்துக் காலி நாற்காலியில் வைத்தாள். அது என்னவோ மூன்றாவது மாணவி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"ஸ்டார்ட்" என்றேன்.

"ஐ கிவ் யூ பென்," என்றார் அவர், குரலில் ஏகப்பட்ட சர்க்கரையோடு.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துச் சொன்னாள்: "யூ கேவ் மை விண்டோ."

ஜன்னலை எல்லாம் யாருக்கும் கொடுக்க முடியாது, பேனா, புத்தகம் என்று ஏதாவது சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"ஹி கேன், மிஸ்," என்றாள் பட்டென்று. "ஹி கேவ் மை விண்டோ டு ஹிஸ் சிஸ்டர் ஹஸ்பண்ட்."

வகுப்பே அவர் பக்கம் திரும்பியது. அவர் பேனாவின் மூடியை ஆராய ஆரம்பித்தார். பஸ் டிரைவர் எழுந்துவந்து, நான் சொல்வதற்கு முன்பே டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மிஸ், இன்னைக்குப் பூரா போர்டை நானே துடைக்கிறேன். இதத் தமிழ்ல சொல்லலன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும். கடை வாசல்ல பெரிய ஜன்னல் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துலதான் இந்தம்மா தேய்க்கிற மேஜை இருந்துச்சு. இவரு அந்த மேஜையத் தூக்கிப் பின்னாடி இருட்டு ரூம்ல போட்டுட்டு, அந்த இடத்த அவரு அத்தானுக்கு ஃபோன் கவர் விக்கக் கொடுத்துட்டாரு. இந்தம்மாவ ஒரு வார்த்தை கேக்கல. அன்னைலருந்து ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசறதில்ல. என் யூனிஃபார்ம் வாங்கப் போனா, ஹேங்கரைத் தட்டித்தான் ஒருத்தர ஒருத்தர் கூப்புடறாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் நல்ல வெள்ளைச் சட்டை ஒன்று, போன வாரம் அந்தக் கடையிலிருந்து முதுகில் பழுப்பு முக்கோணத்தோடு திரும்பி வந்திருந்தது. இந்தம்மா கை பட்டால் கசங்கின காகிதம்கூட நிமிரும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேனே, இப்படியா என்று மனசுக்குள் அவளைத் திட்டியிருந்தேன். பின்னறையில் ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் துணி சிவக்கிறதா இல்லையா என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? திட்ட வேண்டிய ஆள் இந்தப் பக்கம் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்பில் 'கிவ்'வின் வால்களை எடுத்தேன். கிவ் அப், கிவ் இன், கிவ் வே, கிவ் பேக். அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் எதை ஒட்டினாலும் குணமே மாறிவிடும். நம் ஊர் 'கொடு' மட்டும் என்ன லேசுப்பட்டதா? இடம் கொடுக்கிறோம், காது கொடுக்கிறோம், பேச்சுக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம், சில பேர் பிடியே கொடுப்பதில்லை.

கிவ் வே என்றால் பஸ் டிரைவருக்கு ஏக குஷி. சாலையில் அந்தப் பலகையைத் தினமும் பார்க்கிறவர். "ஐ கிவ் வே டு ஆல் கார்," என்றார் மார்பை நிமிர்த்தி.

"பஸ் கிவ் வே," என்றாள் அந்தம்மா. "லாரி கிவ் வே. மை ஹஸ்பண்ட் நோ கிவ் வே."

"ஐ கிவ் அப்," என்றார் கணவர் பரிதாபமாக.

அவள் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து விசிறிக்கொண்டாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்: "ஹோட்டல் கிவ் மீ ஜாப். பிக் விண்டோ. மண்டே, ஐ கோ."

அவர் கையிலிருந்த மூடி கீழே விழுந்து, டோக்கன் பெண்ணின் காலடிவரை உருண்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடை அவர் பெயரில் இருந்தாலும், கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வருவது அந்தம்மாவின் கைக்காகத்தான் என்று அவருக்கே தெரியும்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் என்னை மறித்தார். படிக்கட்டில் சட்டம் செல்லாது.

"மிஸ், நீங்க சொன்னா அவ கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? நீங்க உங்க அத்தான்கிட்ட போய்ச் சொல்லுங்க, மேஜைய நகர்த்தணும்னு."

"ஐயையோ, அத்தான்கிட்டயா?" குரல் உள்ளே போய்விட்டது. "அவரு ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மா உக்காந்திருந்தாரு. அக்கா முகமே வாடிப் போச்சு. எங்க அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவ அவ. நான்தான் ஆசையா, வாங்க அத்தான், கடை ஜன்னல் உங்களுக்குத்தான்னு சொன்னேன். கொடுத்ததத் திருப்பிக் கேட்டா நான் மனுஷனா?"

"கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மாவக் கேட்டீங்களா?"

"கேட்டா அவ வேண்டாம்னா சொல்லப் போறா?"

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். இரண்டு படி இறங்கியவர், நின்று, தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. ஒவ்வொருவரும் எழுந்து, தான் கொடுத்த ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும். டோக்கன் பெண் பூனைக்குட்டி கொடுத்தாள். பஸ் டிரைவர் ரத்தம் கொடுத்தார். சலவைக் கடைக்காரர் தானாகவே எழுந்தார். சட்டையின் கடைசிப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவர் மனைவி அவர் துணியைத் தொட்டு எத்தனை நாளாகிறதோ.

"ஐ கேவ் விண்டோ," என்று ஆரம்பித்தார். "நாட் மை விண்டோ. மை ஒய்ஃப் விண்டோ. ஐ நோ ஆஸ்க். நவ் ஷி இன் டார்க். ஷர்ட் பர்ன். ஷி க்ரை, ஐ சீ, ஐ கோ அவுட்சைடு. ஐ பேட் மேன். சாரி."

வாக்கியத்துக்கு ஒரு தப்பு. தப்பைப் பார்த்தால் என் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போகும். அன்றைக்குப் போகவில்லை.

அவர் மனைவி எழுந்து நின்றாள். வகுப்பில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாரிய இங்கிலீஷ்ல யாரு வேணாலும் சொல்லிடலாங்க. கால மிதிச்சவன்கூடத்தான் சொல்றான். தமிழ்ல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டஸ்டரை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். "சொல்லுங்க, பரவாயில்ல," என்றேன். தமிழில்தான் சொன்னேன். ராட்சசிக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா?

"நான்... அதாவது... உன்னை வந்து..." என்று அவர் திணறினார். ஆங்கிலத்தில் அருவி மாதிரி கொட்டிய மனுஷனுக்குத் தாய்மொழியில் ஒரு சொல் வரவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"சரி விடுங்க," என்றாள் அவள். "எனக்கு மன்னிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் மேஜை வேணும். உங்க அக்காவுக்கு ஃபோன் போடுங்க. இப்பவே, எல்லார் முன்னாடியும்."

போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். "சொல்லுடா தம்பி," என்று அக்காவின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"அக்கா," என்றார். அடுத்த நொடி தைரியம் கைவிட்டுவிட்டது. "அக்கா... ப்ளீஸ் கிவ் பேக் விண்டோ."

"என்னடா உளர்ற? ஜுரமா?"

"தமிழ்ல!" என்று பஸ் டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் ஏதோ சொன்னார். சனியன் பிடித்த காற்று மிஷின் சரியாக அப்போதுதான் ஓட ஆரம்பித்தது. "என்னது? ஒண்ணும் கேக்கல! சத்தமா சொல்லு!" என்று அக்கா கத்த, இவர் அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்த, மிஷின் திடீரென்று நின்றது.

"நான் பண்ணது தப்புக்கா! என் பொண்டாட்டியக் கேக்காம அவ இடத்த அத்தானுக்குக் கொடுத்துட்டேன்! அவ மேஜை ஜன்னல்கிட்ட வரணும்! எனக்கு அவ வேணும்!"

கீழே டயர் கடையில்கூட யாரோ ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஃபோனில் சத்தமே இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. தூக்கி வளர்த்த அக்காவை இழந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

"அப்பாடா!" என்றது ஃபோன். "வயித்துல பால வார்த்தடா. உங்க அத்தானுக்கு மண்டை பூரா வேர்க்குரு. அந்த ஜன்னல் வெயில் நேரா வழுக்கைலதான் அடிக்குதாம். ஈரத் துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு மனுஷன். ஃபோன் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியலன்னு தினம் என்கிட்ட புலம்பல். வேண்டாம்னு சொன்னா தம்பி மனசு ஒடஞ்சிடும், பல்லக் கடிச்சிட்டு உக்காருங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புவேன்."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: "அந்த இருட்டு ரூமக் கேளுடி! அந்த இருட்டு ரூம் கெடைக்குமான்னு கேளு!"

வகுப்பு வெடித்துவிட்டது. டோக்கன் பெண் டெஸ்க்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அவர் ஃபோனைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அவள் நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வேணும்ங்கிறவகிட்டேருந்து புடுங்கி, வேண்டாம்ங்கிறவருக்குக் கொடுத்திருக்கீங்க," என்றாள் மெதுவாக. "ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம்ல?"

அவள் கதவுவரை போய், நின்றாள். "பித்தான் மாத்திப் போட்டிருக்கீங்க. சரி பண்ணிக்கிட்டு வாங்க, போலாம்."

திங்கட்கிழமை, என் பழுப்பு முக்கோணச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரோடு சண்டை போடுகிற உத்தேசத்தில் கடைக்குப் போனேன். ஜன்னலோரம் மேஜை வந்திருந்தது. ஓட்டல் கொடுத்த வேலைக் காகிதம் மடிந்து, அதன் ஆடுகிற காலுக்கு அடியில் கிடந்தது. அந்தம்மா யாருடைய மாப்பிள்ளைச் சட்டையையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காலரின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னறை வாசலில் அத்தான், துண்டில்லாத தலையோடு, ஒரு ஃபோனை நோண்டிக்கொண்டு பரம சுகமாக உட்கார்ந்திருந்தார்.

சட்டையை வாங்கிப் பார்த்தாள். "இது போகாது மிஸ். என் கைதான் சுட்டுச்சு, மன்னிச்சுக்குங்க," என்றாள், நல்ல தமிழில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். போட வந்த சண்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"இந்த வாரம் என்ன வெர்ப், மிஸ்?"

"டேக்."

"அது அப்புறம் இருக்கட்டும் மிஸ். இவருக்கு முதல்ல 'ஆஸ்க்' நடத்துங்க."

அதற்குள் அவர் உள்ளேயிருந்து ஹேங்கர் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் நேராக ஜன்னலை நோக்கித் தள்ளியவர், பாதி வழியில் பிரேக் போட்ட மாதிரி நின்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"இத இங்க வெச்சுக்கட்டுமா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தாள், ஸ்டாண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, அவ்வளவு பெரிய ஸ்டாண்டை மறுபடியும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.