கீல் வைத்த கண்ணாடி

பழைய இரும்பைச் சேர்த்து யூசுப் தன் கையாலேயே கட்டிய லாரி அது. அந்தக் காலத்து லாரியின் அச்சு அசல், தலைக்கு மேல் கூரை கிடையாது. அதற்கு முன்கண்ணாடி செய்யும் வேலையை ரத்னவேல் கேட்டு வாங்கிக்கொண்டார். சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு இருபது வருடமாக ஜன்னல் மாட்டுகிறவர் அவர். அந்தக் கைப்பழக்கத்திலேயே, மேலே கீல் வைத்து, வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி சட்டத்தைச் செய்துவிட்டார்.

"அண்ணே, லாரிக்குக் கண்ணாடி கேட்டா கிச்சன் ஜன்னல் செஞ்சிருக்கீங்களே!" என்று யூசுப் தலையில் கைவைத்தார்.

ரத்னவேலுக்குச் சுருக்கென்றது. தப்புதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவர்? "எல்லாம் தெரிஞ்சுதான் வச்சேன். மாட்டுங்க," என்று முறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு. பாதி வழியில் மழை கொட்டியது. வைப்பர் இல்லாத வண்டிகள் கண்ணாடி மங்கி ஒவ்வொன்றாக நின்றன. யூசுப்பும் பிரேக்கில் கால் வைத்தார். பக்கத்தில் இருந்த ரத்னவேல் சட்டத்தை ஒரு சாண் வெளியே தள்ளினார். தண்ணீர் கண்ணாடியோடு முன்னால் வழிந்து போக, அடியில் திறந்த இடைவெளியில் சாலை பளிச்சென்று தெரிந்தது. இருவரும் தொப்பலாக நனைந்தபடி, நிற்காமல் கடைசிவரை ஓட்டி வந்தார்கள்.

ஏற்பாட்டாளர் நிவேதிதா குடையோடு ஓடிவந்தார். "அங்கிள், சூப்பர் லா! இந்தக் கண்ணாடிய எந்த நாட்டிலேருந்து வரவழைச்சீங்க?"

யூசுப் வாயைத் திறப்பதற்குள் ரத்னவேல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சுவா சூ காங் கிச்சன் ஜன்னல் லா!"