நீர் மாத்திரை

ஹெலனின் மெஷினுக்கு அடியில் கிடந்த துணிப்பையையும் செருப்பையும் எழிலரசிதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தாள். காலையில் ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த ஹெலன் மூச்சு வாங்கி அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். ஆம்பூரிலிருந்து கம்பெனி வேனில் அனுப்பிவைத்தார்கள். போன மாதம்தான் இதயம் பலவீனமென்று இதே வார்டில் படுத்துக் கிடந்து வீடு திரும்பியவள். ஹெலன் தைக்கும் லைனுக்கு எழிலரசிதான் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

ஹெலன் காலைச் சாப்பாட்டைக் கம்பெனியில்தான் சாப்பிடுவாள், மாத்திரைகளும் பையிலேயே இருக்கும். நர்ஸ் கேட்டதும் எழிலரசி அட்டை அட்டையாகக் கட்டில்மேல் பரப்பினாள். இதயத்துக்கு, பிரஷருக்கு, சர்க்கரைக்கு, ரத்தம் உறையாமலிருக்க, இத்தனையும் விழுங்கிய வயிறு எரியாமலிருக்க இன்னொன்று. எல்லா அட்டையிலும் பாதிக்கு மேல் காலி. ஒன்றில் மட்டும் மாத்திரைகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அது எந்த மாத்திரை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே ஹெலன் சொல்லியிருந்தாள். "நீர் மாத்திரை ஒன்னு குடுத்துக்கிறாங்கக்கா. போட்டா அடிக்கடி பாத்ரூம் போவணும்."

லைனுக்கு ஒரே ஒரு அவுட் பாஸ். அது எழிலரசியின் மேஜையில் தொங்கும். கையைத் தூக்கி அனுமதி கேட்டு, பாஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஹெலன் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். அவளிடம் வேலை தேங்கியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் எழிலரசியைத்தான் திட்டினார். அந்தக் கோபத்தை அவள் எங்கே கொண்டுபோய் இறக்குவாள்?

"இன்னா ஹெலன், நீ தைக்க வந்தியா, பாத்ரூம் போக வந்தியா?"

லைன் மொத்தமும் சிரித்தது. ஹெலனும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கை உயரவே இல்லை. உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது என்று எழிலரசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கால் வீங்கிப்போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் ஹெலன் பெடலை மிதித்ததையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "மாத்திரை எல்லாம் கரெக்டா போட்டீங்களா?"

"போட்டேன் சார்," என்றாள் ஹெலன்.

"அப்படியும் இவ்ளோ நீர் கோத்திருக்குன்னா டோஸை ஜாஸ்தி பண்ணணும். இன்னொரு மாத்திரையும் சேர்க்கணும்."

எழிலரசி கட்டில்மேல் கிடந்த அந்த அட்டையைக் கையில் எடுத்தாள். விழுங்காத மாத்திரையை நம்பி இவர் மேலும் மேலும் எழுதித் தந்தால் இவள் கதி என்ன? "சார், இத அவ போடல," என்று அந்த அட்டையை நீட்டினாள்.

டாக்டரின் முகம் மாறியது. "இப்படிப் பண்ணா திரும்பத் திரும்ப இங்கதான் வருவீங்க. அடுத்த வாட்டி உயிரோட வந்து சேருவீங்களான்னே சொல்ல முடியாதும்மா. ஏன் போடல?"

பதில் எழிலரசியின் நாக்கு நுனியில் நின்றது. ஹெலன் அவள் பக்கம் திரும்பாமலே, "மறந்துட்டேன் சார்," என்றாள். எழிலரசிக்கு வெட்கமாக இருந்தது. தப்பித்தோம் என்றும் இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் போனதும் மெல்லக் கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னேனேக்கா," என்றாள் ஹெலன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "உங்களுக்கும் பேஜாருதானே," என்றாள்.

நீர் இறங்க நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் ஹெலன் நெளிய ஆரம்பித்தாள். கால்களைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து அவளது வலது கை வெளியே வந்து தோள் உயரத்துக்கு எழுந்து நின்றது. கண்கள் எழிலரசியின் முகத்தில் இருந்தன.

எழிலரசி சட்டென்று கீழே குந்தி, செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டப் பார்த்தாள். வீங்கிய கால் வாருக்குள் நுழையவில்லை. வாரை இழுத்துத் தளர்த்தி மறுபடியும் பார்த்தாள். மேலே ஹெலனின் கை இன்னும் இறங்கவில்லை.